ஒன்பதாம் கட்டம்

காதுக்குப் பின்னால் இருக்கும் பொட்டைக் கீறி எடுப்பதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அன்றைக்குத்தான் அந்த டாக்டர் சேந்தன்விளைக்கு வந்து சேர்ந்தார்.

ஆவுடைச்செல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். கடைசிப் பிள்ளையும் தட்டைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடிய பிறகு, சாம்பார் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கினார்.

"ஆவுடைச்செல்வி நீங்கதானே? வைகுண்டம் ஐயாவோட மருமகள்?"

"ஆமா. நீங்க?"

"என் பேர் ஹெலன் பாக்கியம். இந்தப் பொட்டைக் கொண்டுவந்தது நான்தான்."

ஆவுடையின் கை தானாகவே வலது காதுக்குப் பின்னால் போனது. மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. அது அவள் தோலுக்குள் போய்ப் பதினேழு வருடம் ஆகிவிட்டது.

கல்லூரி தாண்டிய இளவட்டத்தில் அந்தப் பொட்டு இல்லாதவர் இப்போது நாட்டில் கிடையாது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போகிற எல்லாரும் மூன்று மாதம் கேம்புக்குப் போகவேண்டும் என்பது சட்டம். கயிறு கட்ட, படகு தள்ள, தண்ணீரில் தத்தளிப்பவரைப் பின்பக்கமாக வந்து பிடிக்க, மூச்சு நின்றவருக்கு மூச்சு கொடுக்க அங்கே பழக்குவார்கள். கடைசி நாளில் காதுக்குப் பின்னால் பொட்டை வைத்துத் தைத்து அனுப்புவார்கள். ஊரையெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டம் எழுதிக் கொடுப்பார்கள். பேரிடர்ச் சங்கு ஊதினால் பொட்டு விழித்துக்கொள்ளும். 'இவர் என் ஆள்' என்று சொல்லுகிற மூளையின் மூலை அப்போது ஊமையாகிவிடும். பெற்ற தாயின் முகமும் வழிப்போக்கரின் முகமும் ஒன்றாகத் தெரியும். கால் தனக்கு எழுதிக் கொடுத்த கட்டத்தைப் பார்த்துத்தான் போகும். கேம்பில் கொடுக்கும் கையேட்டில் இதெல்லாம் அச்சடித்திருந்தது. சின்னப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லுவார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆவுடைக்கு இந்த ஊரில் மாற்றி எழுதிக் கொடுத்த கட்டம் எட்டு. கல்யாணமாகி வந்த வீடு ஒன்பதாம் கட்டத்தில் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் பெரியகுளத்துக் கரை உடைந்தது. காலை பத்து மணி இருக்கும். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கணவன் தளவாய் பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். மாமனார் வைகுண்டம் வாழை இலைக் கட்டுகளோடு தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சங்கு ஊதியபோது ஆவுடை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எட்டாம் கட்டத்துக்குப் போனாள். அங்கே செங்கல் சூளைக் கொட்டகையில், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து அறுபதடி தூரத்தில், அவள் வீட்டு ஓட்டின்மேல், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு தளவாய் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் கட்டத்துக்கு உரிய பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது யாருக்கும் தெரியாது. ஆவுடை மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, வீடு நின்ற இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவனை ஒரு வாழைத் தோப்பிலிருந்து எடுத்தார்கள்.

"யாரோ ஒருத்தர் கூப்பிட்டது கேட்டுச்சு. யாருன்னு தெரியல" என்று விசாரணையில் அவள் சொன்னாள்.

துஷ்டி வீட்டில் தளவாயின் சொந்தக்காரர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வைகுண்டம் எழுந்து நின்றார். "இவள ஒரு சொல்லு சொன்னா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். எம்மவன விட்டுட்டுப் போனது இவ இல்ல. அந்தச் சவம்பிடிச்ச பொட்டு" என்றார். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவும் அவர் சம்மதிக்கவில்லை. 'நீ எம்மவ. இங்கனதான் இருக்கணும்' என்றுவிட்டார். அந்த வாரமே பயிற்சியை எதிர்த்து வழக்குப் போட்டார். பிள்ளைகளின் மனதைப் பறித்துக்கொண்டு அனுப்ப எவருக்கும் உரிமை கிடையாது என்பது அவருடைய கட்சி. பதினோரு வருடம் மதுரைக்கு நடையாக நடந்தார். கடைசியில் ஒரு நீதிபதி உத்தரவு போட்டார். ஆவுடையின் பொட்டை வெளியே எடுத்து, நீதிமன்றத்தில் வைத்துத் திறந்து பார்க்கவேண்டும்.

"இந்தக் கேசை நிறுத்துங்கன்னு கேட்க வந்தேன்" என்றார் டாக்டர், பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்துகொண்டே.

"அத என்ட்ட ஏன் கேக்கீங்க? கேசு போட்டது எங்க மாமா."

"உங்ககிட்டதான் கேட்கணும். ஏன்னு கேட்டதுக்கப்புறம் உங்களுக்கே புரியும். இந்தப் பயிற்சி எதுக்காக வந்துச்சுன்னு தெரியுமில்லையா?"

"தெரியும். முதப் பெருவெள்ளத்துல எல்லாரும் அவுகவுக வீட்டு ஆளத்தான் தூக்குனாக. நாதியத்ததுக செத்துப்போச்சு."

"ஆமா. செத்தவங்க பட்டியலை எழுதினது நான். ஹாஸ்டல் பிள்ளைங்க, சூளை வேலைக்கு வந்தவங்க, தனியா இருந்த கிழவங்க, கிழவிங்க. தேடிவர ஆள் இல்லாதது ஒண்ணுதான் அவங்க எல்லாருக்கும் பொது. அதுக்குத்தான் சட்டம் கொண்டுவந்தாங்க. படிக்கிற பிள்ளை ஒவ்வொருத்தரும் தெரியாத மனுஷருக்காகப் பழகணும்னு. முதல் ரெண்டு வருஷம் பொட்டு கிடையாது. வெறும் பயிற்சிதான். அது உங்களுக்குத் தெரியாது, கையேட்டிலே இருக்காது."

"பொட்டு இல்லாம எப்படிப் போவாங்க?"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஆனா போனாங்க. வடக்கே ஒரு புயல் வந்துச்சு. சங்கு ஊதினதும் பிள்ளைங்க அவங்கவங்க கட்டத்துக்குப் போனாங்க. மூணு மாசம் பழகின கை, கால், கொடுத்த வாக்கு. அது போதுமா இருந்துச்சு. ஆயிரக்கணக்குல காப்பாத்தினாங்க. சிலருக்கு வீட்டு ஆளை விட்டுட்டுப் போகவேண்டி வந்துச்சு. போனாங்க." டாக்டர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள அந்தப் பிள்ளைங்கள்ல நாற்பத்தோரு பேர் தங்களைத் தாங்களே மாய்ச்சுக்கிட்டாங்க. அவங்க எழுதி வச்சிட்டுப் போன ஒவ்வொரு கடிதத்தையும் நான் படிச்சேன், அம்மா. செஞ்சது தப்புன்னு அதுல ஒருத்தர்கூட எழுதலை. 'நான்தான் செஞ்சேன்'னு எழுதியிருந்தாங்க."

வெளியே மணி அடித்தது. ஆவுடை நகரவில்லை.

"பயிற்சியை நிறுத்தினா நாதியத்தவங்க சாவாங்க. நிறுத்தலைன்னா இந்தப் பிள்ளைங்க சாவாங்க. அப்பதான் நாங்க மூணு பேர் உட்கார்ந்து யோசிச்சோம். 'நான்தான் செஞ்சேன்'கிற அந்த ஒரு வார்த்தையை அவங்ககிட்ட இருந்து வாங்கிக்க ஏதாவது வேணும். அதுக்குத்தான் பொட்டு."

"புரியல."

"அதுக்குள்ள ஒண்ணும் இல்லை. சங்குச் சத்தம் கேட்டாச் சூடாகிற ஒரு வில்லை. அவ்வளவுதான்."

"என் பொட்டா?"

"எல்லாப் பொட்டும்."

"அப்ப எனக்கு வேற ஒண்ணு மாத்தி வச்சு விட்டுருங்களேன். வேலை செய்யுறதா."

"வேலை செய்யிற பொட்டுன்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாதும்மா."

நல்ல வெயில் நேரம். சமையல்காரி அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேம்ப் அதிகாரிகளுக்கு?"

"தெரியாது. கையேட்டைத்தான் நம்புறாங்க. வில்லையைச் செய்யிறவங்களுக்கு அது எதுக்குன்னே தெரியாது. தெரிஞ்ச மூணு பேர்ல ரெண்டு பேர் காலமாயிட்டாங்க. புதன்கிழமை உங்க பொட்டைத் திறந்தா ஊருக்கே தெரிஞ்சுடும். உங்களை மாதிரி வீட்டு ஆளை விட்டுட்டுப் போனவங்க பதினெட்டாயிரம் பேர் இருக்காங்க. பொட்டு வந்ததுக்கப்புறம் அவங்கள்ல உயிரை விட்டவங்க எண்ணி மூணு பேர். மத்தவங்க சமைக்கிறாங்க, பிள்ளை பெத்துக்கிறாங்க, பொட்டைத் திட்டிக்கிட்டே உயிரோட இருக்காங்க."

"பொய் சொல்லியிருக்கீங்க எங்ககிட்ட."

"ஆமா."

"எங்க மாமா பதினோரு வருசமா ஒரு வெறும் வில்லைய எதிர்த்துச் சண்ட போட்டுக்கிட்டு இருக்காவ!"

"ஆமா" என்றார் டாக்டர் மறுபடியும். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

ஆவுடை கவிழ்த்து வைத்த வாளியை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. யாரோ மாதிரி இருந்துச்சுன்னு கையேட்டுல இருக்கிறதையேதான் எல்லாரும் சொல்லுவாங்க. நான் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சொல்லிட்டேன். இனி உங்க முடிவு."

கார் போன பிறகு அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேம்பில் சங்கை ஊதிப் பார்க்கும்போதெல்லாம் காது சுட்டிருக்கிறது. வெள்ளத்தன்றும் சுட்டது. அந்தச் சூடுதான் தன்னை இழுத்துக்கொண்டு போனது என்று பதினோரு வருடமாகத் தனக்குத் தானே சொல்லி வந்திருக்கிறாள். சொல்லச் சொல்ல அதுவே நடந்ததுபோல ஆகியிருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் அவளால் அழிக்க முடிந்ததில்லை. அன்று கேட்டது யாரோ ஒருவருடைய குரல் அல்ல.

அடுத்த இரண்டு நாளும் வைகுண்டம் உற்சாகமாக இருந்தார். வெள்ளை வேட்டியை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தார். "புதன்கிழம அந்தச் சவத்தத் தொறந்து வைக்கட்டும் தாயி. அதுக்குள்ள என்னத்த வச்சு உன்ன ஆட்டி வச்சானுவன்னு ஊரு பாக்கட்டும். அதுக்குப் பொறவு உன்ன ஒரு பய நிமிர்ந்து பாக்கப்பிடாது" என்றார். அவள் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பை அவரே ஊற்றினார்.

நடந்ததை முழுதும் சொல்லிவிட்டால் மாமா என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தாள். பொட்டெல்லாமே பொய் என்று தெரிந்தால் அவர் நிறுத்த மாட்டார். தெருத் தெருவாகச் சொல்லுவார். நியாயமான மனுசன் அதைத்தான் செய்வான். ஆகவே அவரிடம் பாதியைத்தான் சொல்ல முடியும். அந்தப் பாதியைக் கேட்ட பிறகு இந்த வீட்டில் தன்னைத் தாயி என்று கூப்பிட ஆள் இருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தோப்பில் இலை அறுத்துக்கொண்டிருந்தார். ஆவுடை கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாமா, கேசத் திருப்பி வாங்கிருங்க."

அவர் சிரித்தார். "ஏம் தாயி, காதக் கீறப் பயமா இருக்கா? மரமரப்பு ஊசி போட்டுத்தான் எடுப்பாக. நான் கேட்டுட்டேன்."

"பயம் இல்ல மாமா. அதத் தொறந்து பாத்தா உங்களுக்குத்தான் அவமானம். அது அன்னைக்கு வேலை செய்யல."

"எவன் சொன்னான்?"

"ஒருத்தரும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். எல்லாருக்கும் வேலை செஞ்சிருக்கும். எனக்குச் செய்யல." அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அவுக கூப்பிட்டது அவுக குரலாத்தான் கேட்டுச்சு மாமா."

வைகுண்டம் கையிலிருந்த இலையைக் கட்டின்மேல் வைத்தார். பிறகு வாய்க்கால் வரப்பில் மெதுவாக உட்கார்ந்தார்.

"விசாரணையில நீ சொன்னது?"

"பொய்."

"பதினோரு வருசமா என்ட்டச் சொன்னது?"

"அதுவும்."

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப்போகிறாரோ என்று அவள் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"என்னன்னு கூப்பிட்டான்?" என்று கேட்டார் அவர்.

"மாமா?"

"அவன் கடைசியில ஒரு வார்த்த பேசுனானா, பேசலியான்னு எனக்குத் தெரியாதுல்லா. யாரோ கூப்பிட்டாகன்னுதான நீ சொன்ன. என்னன்னு கூப்பிட்டான்?"

"ஆவுடைன்னு. ரெண்டு தரம். பொறவு நான் திரும்பிப் பாத்தேன். சூளைக் கொட்டாயக் கையக் காட்டுனேன். அது மண்சுவரு மாமா, இந்தா விழப்போவுதுன்னு நிக்கி. நம்ம வீடு கல்லுக்கட்டு. நிக்கும்னு நெனச்சேன். 'இருங்க, இந்தா வந்துருதேன்'னு சொன்னேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"'சரிட்டி, சீக்கிரம் வா'ன்னாவ."

வைகுண்டத்தின் உதடு அசைந்தது. "சரிட்டின்னானா" என்றார். "கோவத்துலயா சொன்னான்?"

"இல்ல மாமா. எப்பவும் போல. நான் கடைக்குப் போறப்ப சொல்லுவாகள்ல, அப்படி."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கார்த்திகை வெள்ளத்திலும் அழாத மனுசன், துஷ்டி வீட்டில் அவளுக்காக எழுந்து நின்று பேசிய மனுசன், வாய்க்கால் வரப்பில் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆவுடை பக்கத்தில் போகவில்லை. போகிற உரிமை தனக்கு இல்லை என்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "மூணு உயிரா, ஒரு உயிரான்னு எண்ணிப் பாத்தியோ?"

"எண்ணல மாமா. எது முதல்ல விழும்னுதான் பாத்தேன். தப்பாப் பாத்துட்டேன்."

அவர் எழுந்து இலைக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். காப்பி வரப்பிலேயே ஆறிக் கிடந்தது.

புதன்கிழமை அவர்கள் மதுரைக்குப் போனார்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, "எம்மவளக் கீறிப் பாக்க எனக்கு மனசு வரல" என்று மட்டும் வைகுண்டம் சொன்னார். 'எம்மவள' என்றதைக் கேட்டு ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. வழக்கு அன்றே முடிந்தது. திரும்பும்போது பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு மறு வாரம் அவர் கோவில்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். ஒரு பெட்டியும் தளவாயின் போட்டோவும்தான் எடுத்துக்கொண்டார்.

"வீடு உனக்குத்தான். நீ எங்கனயும் போகாண்டாம்" என்றார் வாசலில் நின்று.

"நான் போயிருதேன் மாமா. நீங்க இருங்க."

"இல்ல ஆவுடை. உம்மேல கோவம்னு சொல்ல முடியல. இல்லன்னும் சொல்ல முடியல. இத்தன வருசம் வையறதுக்கு அந்தப் பொட்டு இருந்துச்சு. இப்ப இல்ல. இங்கனயே இருந்தா என்னைக்காவது ஒருநாள் நான் வாய விட்டுருவேன். அதுக்கு முன்ன போயிருதேன்."

பேருந்து வந்தது. ஏறினார். படியில் நின்றபடி எதையோ சொல்ல வாயெடுத்தார். கண்டக்டர் விசிலடித்துவிட்டான்.

பொங்கலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. மகள்தான் பேசினாள். அவர் பின்னால் இருமியது கேட்டது. சித்திரையில் போன் வருவதும் நின்றுபோனது.

ஆனி மாதம் ஒரு மதிய நேரத்தில் ஒரு பெண் ஆவுடையைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கலாம். பேர் ஜெனோவா, கடற்கரை ஊர். போன வருடப் புயலில் சங்கு ஊதியபோது தன் கட்டத்துக்குப் போய் ஒரு முதியோர் விடுதியைக் காலி செய்திருக்கிறாள். வீட்டில் தனியாக இருந்த அவள் அம்மா தப்பவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சாப்பிட்டுப் பல நாள் ஆனவள்போல இருந்தாள்.

"நீங்க கேசத் திருப்பி வாங்கிட்டீங்களாம்லா, பேப்பர்ல பாத்தேன்" என்றாள். "ஏன்க்கா? அதுல ஏதும் கோளாறா? சில பேருக்குப் பொட்டு வேலையே செய்யாதுன்னு சொல்லுதாக."

"ஏன் கேக்க?"

ஜெனோவா தரையைப் பார்த்தாள். "எங்கம்மா கூப்பிட்டது எனக்கு எங்கம்மா மாதிரியேதான் கேட்டுச்சுக்கா. ஒருத்தர்ட்டயும் சொல்லல. படுத்தா அதுதான் கேக்குது. அப்ப நான்தான..."

ஆவுடை அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாவது வருடத்தில் முதல் முறையாகத் தன்னைப்போல ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். 'எனக்கும்தான் பிள்ள, எனக்கும் அவுக குரலாத்தான் கேட்டுச்சு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழலாம். தனியாகச் சுமப்பது அன்றோடு முடிந்துவிடும்.

டாக்டர் படித்த கடிதங்களை அவள் நினைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு" என்று அந்தப் பெண்ணின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "அன்னைக்கு உனக்குக் கேட்டது யாரோட குரலோ. பொறவு யோசிக்க யோசிக்க நம்ம மனசுதான் அதுல அம்மா குரலக் கொண்டுபோய் வச்சுக்கிடும். எல்லாருக்கும் அப்படித்தான். கோளாறெல்லாம் ஒண்ணும் கிடையாது. உன்ன இழுத்துக்கிட்டுப் போனது பொட்டு. நீ இல்ல."

"நெசமாவாக்கா?"

"நெசமா."

"உங்களுக்கும் அப்படித்தானா? அவுக குரல் மாதிரி இப்ப கேக்குமா?"

"கேக்கும். ஆனா அன்னைக்குக் கேட்டது அவுக குரல் இல்ல. யாரோ ஒருத்தர்."

ஜெனோவா கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தப் புடைப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெட்கப்பட்டவள்போல, "அக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டாள்.

ஆவுடை இலையைப் போட்டாள். அந்தப் பெண் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.